கடலில் மறைந்த விமானத்தைத் தேடுதல்

2016 ஜூலை 22, வெள்ளிக்கிழமை காலை 8.30 மணிக்கு இந்திய விமானப்படையின் ஏஎன்-32 விமானம் ஒன்று (பதிவெண் கே-2743) தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்டது. அதில் 29 பேர் இருந்தனர். விமானத்தை இயக்கும் குழுவினர் 6 பேர். மற்ற 23 பேரும் பயணிகள். விமானப்படை, தரைப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை ஆகியவற்றைச் சேர்ந்தவர்களோடு, விசாகப்பட்டினத்தில் பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்த சிவில் ஊழியர்கள் 8 பேரும் அவர்களில் அடக்கம். வாரந்தோறும் வழக்கமாகச் சென்றுவரும் விமானம் அது. அன்று போர்ட் பிளேர் போய்ச் சேரவில்லை.

அதனுடையவை என்று கருதத்தக்க சிதைவுகள் வங்காள விரிகுடாவின் அடியில், 3,400 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டதாகப் பாதுகாப்பு அமைச்சகம் 2024 ஜனவரி 12 அன்று அறிவித்தது. இடையில் ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் கடந்திருந்தன. இத்தனைக்கும், விமானம் கடைசியாக அறியப்பட்ட பகுதியில் தேடியபோதுதான் அவை கிடைத்தன. எங்கே தேடவேண்டும் என்பது ஓரளவு தெரிந்திருந்தும் ஏன் இவ்வளவு காலம் ஆயிற்று என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ரேடார் திரையில் மறைந்த புள்ளி

புறப்பட்ட 16ஆவது நிமிடத்தில், அதாவது 8.46க்கு, விமானி தரைக் கட்டுப்பாட்டு அறையுடன் கடைசியாகப் பேசினார். கோளாறு ஏதும் இருப்பதாகச் சொல்லவில்லை. 9.12 மணியளவில், சென்னைக்குக் கிழக்கே சுமார் 280 கி.மீ. தொலைவில், 23,000 அடி உயரத்தில் சென்றுகொண்டிருந்த விமானம் இடப்புறமாகத் திரும்பி வேகமாக உயரம் இழந்ததை ரேடார் பதிவு காட்டியது. அத்துடன் திரையிலிருந்து மறைந்துவிட்டது. அபாய அழைப்பு எதுவும் வரவில்லை.

திரையில் மறைந்த அந்தப் புள்ளிதான் விமானம் விழுந்த இடம் என்று பலரும் எண்ணுவர். அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. காரணம், பூமியின் வளைவு.

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில், ஷ்மிட் நினைவு மண்டபத்துக்கு எதிரே நீரோரமாக நிற்பவருக்குக் கடலும் வானும் சேரும் கோடு வெகுதொலைவில் இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அது நாலரை கிலோமீட்டர்தான். கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 1.6 மீட்டர் உயரத்துக்கு விடை 4.5. அதற்கு அப்பால் இருக்கும் கப்பலின் கொடிமரம் தெரியும், உடல் தெரியாது.

ரேடாருக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. ரேடார் அலை காற்றில் சற்றே வளைந்து செல்வதால் 3.57க்குப் பதில் 4.12 என்று வைத்துக்கொள்ள வேண்டும். 23,000 அடி என்பது 7,010 மீட்டர். அதன் வர்க்கமூலம் 83.7, பெருக்கினால் 345 கி.மீ. ஆகவே 280 கி.மீ. தொலைவில் அந்த உயரத்தில் பறக்கும் விமானம் கரையிலுள்ள ரேடாருக்குத் தெரியும். கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். 280 கி.மீ. தொலைவிலுள்ள ஒன்று தெரியவேண்டுமானால் அது குறைந்தது 4,600 மீட்டர், அதாவது ஏறத்தாழ 15,000 அடி உயரத்தில் இருக்கவேண்டும். (ரேடார் கோபுரத்தின் உயரத்தையும் சேர்த்தால் இந்த அளவு கொஞ்சம் குறையும்.) அதற்குக் கீழே இறங்கிய நொடியில் விமானம் தொடுவானத்துக்குக் கீழே போய்விடும்.

மீதி நாலரை கிலோமீட்டர் உயரத்தில் என்ன நடந்தது என்பதைப் பார்க்கக் கருவி எதுவும் இல்லை. விமானம் செங்குத்தாக விழுந்திருக்கலாம். அல்லது எந்திரம் நின்றுபோய் இறக்கையின் பலத்தில் சறுக்கியபடி இறங்கியிருக்கலாம். அப்படி இறங்கும் விமானம் ஒரு கிலோமீட்டர் உயரம் இழப்பதற்குள் சுமார் பத்துக் கிலோமீட்டர் முன்னே செல்ல முடியும். அந்தப் புள்ளியை நடுவாக வைத்து 50 கி.மீ. ஆரத்தில் வட்டம் போட்டால் அதன் பரப்பு 7,850 சதுர கி.மீ. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கி.மீ. சென்னையைப்போல் 18 மடங்கு பரப்பில், அலைக்கு அடியில், ஒரு வீட்டு மனை அளவுள்ள பொருளைத் தேடவேண்டும்.

செயற்கைக்கோளுக்குத் தெரியாதா?

கைபேசியில் தெருவின் பெயர்வரை காட்டும் காலத்தில் ஒரு விமானம் எப்படித் தொலையும் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் யாரையும் பார்ப்பதில்லை. அவை நேரக் குறிப்பைச் சமிக்ஞையாக அனுப்பிக்கொண்டிருக்கின்றன. கீழே இருக்கும் கருவி அதைப் பெற்றுத் தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. அந்தக் கருவி வேறொருவருக்குச் சொன்னால்தான் பிறருக்குத் தெரியும். விமானத்துக்குத் தன் இடம் கடைசி நொடிவரை தெரிந்திருக்கும். அது சொல்லாவிட்டால் வேறு யாருக்கும் தெரியாது.

படம் எடுக்கும் செயற்கைக்கோள்கள் வேறு வகை. அவை ஓர் இடத்தின்மேல் எப்போதும் நின்றுகொண்டிருப்பவை அல்ல; சுற்றிவரும்போது கடந்து செல்பவை. ஜூலையில் வங்காள விரிகுடாவின்மேல் பருவமழை மேகம் மூடியிருக்கும். மேகத்தை ஊடுருவும் ரேடார் செயற்கைக்கோள் கடலின் மேற்பரப்பைக் காட்டும். நீருக்குள் அதனாலும் பார்க்க முடியாது.

விபத்து நேர்ந்தால் தானாக இயங்கி 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் அவசர இடங்காட்டிக் கருவி விமானங்களில் உண்டு. நிலத்தில் விழுந்தால் அது உதவக்கூடும். கடலில் விழுந்தால் ஆன்டெனா உடைந்துபோகலாம். உடையாவிட்டாலும் விமானத்தோடு மூழ்கிவிடும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் இந்த அலைவரிசை ரேடியோ அலை அதில் சிறிது தூரம் போவதற்குள் செத்துவிடும்.

இதனோடு சேர்த்துச் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. 2014 மார்ச்சில் மலேசியன் ஏர்லைன்ஸின் எம்எச்370 விமானம் மறைந்தபோது, பயணிகளின் கைபேசிக்கு அழைத்தால் மணி அடிக்கிறது என்று உறவினர்கள் சொன்னதாகச் செய்திகள் வந்தன. அழைப்பவர் காதில் கேட்கும் மணியோசை, எதிர்முனைக் கைபேசி உயிரோடு இருப்பதற்கு அடையாளம் அல்ல. வலைப்பின்னல் அந்தக் கைபேசியைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே அழைப்பவருக்கு அந்த ஓசையைக் கொடுத்துவிடக்கூடும். தொழில்நுட்ப விளக்கம் இவ்வளவுதான். அந்த ஓசையைக் கேட்டுவிட்ட தாய்க்கு இதை எப்படிச் சொல்வது என்பது வேறு பாடம்.

மேற்பரப்பில் தேடிய வாரங்கள்

தேடல் அன்றே தொடங்கிவிட்டது. கடற்படை, கடலோரக் காவல்படைக் கப்பல்களும் ஒரு நீர்மூழ்கிக் கப்பலும் அனுப்பப்பட்டன. அரக்கோணத்திலுள்ள கடற்படையின் ராஜாளி தளத்தில் இருக்கும் பி-8ஐ உள்ளிட்ட விமானங்கள் பறந்தன. மறுநாள் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் தாம்பரம் வந்து தேடலைப் பார்வையிட்டார்.

வானிலிருந்து தேடுபவர் எதைத் தேடுகிறார்? முழு விமானத்தை அல்ல. மிதக்கக்கூடிய இருக்கை மெத்தை, உயிர்காப்பு உடை, எண்ணெய்ப் படலம் போன்றவற்றை. பருவமழைக் கடலில் அலைமுகடுகள் உடைந்து வெண்நுரையாக நிற்கும். பல நூறு மீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு ஒவ்வொரு நுரையும் ஒரு வெள்ளைத் துண்டுபோல் இருக்கும். சில மணி நேரம் இப்படிப் பார்த்தபின் கண் சோர்ந்துவிடும். போதாக்குறைக்குக் கடலில் மீன்வலைத் துண்டுகள், தெர்மோகோல், மரக்கட்டைகள் எல்லாம் மிதக்கின்றன. ஒவ்வொன்றையும் கப்பல் போய் எடுத்துப் பார்க்கவேண்டும்.

இதற்கிடையே மிதக்கும் பொருள் நிற்பதில்லை. நீரோட்டம் மணிக்கு ஒரு கடல் மைல் வேகத்தில் (1.852 கி.மீ.) இழுத்துப்போனால் ஒரு நாளில் 44 கி.மீ. எந்தத் திசையில் போயிற்று என்று தெரியாதபோது தேடவேண்டிய வட்டத்தின் ஆரம் நாளுக்கு நாள் கூடும். ஆரம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். ஆதலால் முதல் நாளில் கிடைக்காத ஒன்று பத்தாம் நாளில் கிடைப்பது மிகவும் அரிது. அப்படியே கிடைத்தாலும் அது விழுந்த இடத்தைக் காட்டாது. எம்எச்370இன் இறக்கைப் பகுதி ஒன்று 2015 ஜூலையில், ஆப்பிரிக்காவுக்கு அருகிலுள்ள ரீயூனியன் தீவில் கரையொதுங்கியது. பதினாறு மாதங்கள் இந்தியப் பெருங்கடலில் மிதந்து வந்த துண்டு அது. அதை வைத்து நீரோட்டத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள்; கிடைத்தது ஓர் அகன்ற பகுதிதான்.

ஏஎன்-32 விஷயத்தில் மிதக்கும் சிதைவு என்று உறுதிசெய்யத்தக்க எதுவும் கிடைக்கவில்லை.

ஒலி ஒன்றே வழி

நீருக்குள் ஒளி சில நூறு மீட்டருக்குமேல் போகாது. ரேடியோ அலையின் கதி மேலே சொல்லப்பட்டது. எஞ்சுவது ஒலி. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். காற்றில் செல்வதைப்போல் நான்கு மடங்குக்கும் அதிகம்.

கறுப்புப் பெட்டி என்று அழைக்கப்படும், ஆனால் ஆரஞ்சு நிறம் பூசிய, பதிவுக் கருவிகளுடன் ஓர் ஒலிப்பானும் பொருத்தப்படுவது உண்டு. நீர் பட்டதும் அது நொடிக்கு ஒருமுறை 37.5 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ‘டிக்’ என்று ஒலிக்கத் தொடங்கும். மனிதக் காதுக்குக் கேட்காத அந்த ஓசையைக் கருவியால் கேட்கலாம். நல்ல சூழ்நிலையில் இரண்டு மூன்று கிலோமீட்டர்வரை. பழைய வகை ஒலிப்பான்களின் பேட்டரி 30 நாள் தாங்கும்.

இந்த ஒலிப்பான் என்ன செய்யும் என்பதற்குத் தமிழகக் கடற்கரையிலேயே உதாரணம் இருக்கிறது. ஏஎன்-32க்கு ஓராண்டு முன்பு, 2015 ஜூன் 8 அன்று, சென்னையிலிருந்து கண்காணிப்புப் பணிக்குச் சென்ற கடலோரக் காவல்படையின் டார்னியர் விமானம் மூன்று பேருடன் இரவில் மறைந்தது. காரைக்கால், சிதம்பரம் பகுதிக் கடலின்மேல் ரேடாரில் கடைசியாகத் தெரிந்தது. கடற்படையின் சிந்துத்வஜ் நீர்மூழ்கிக் கப்பல் அதன் ஒலிப்பானின் ஓசையைக் கேட்டது. ஓசை வந்த பகுதியில் தேட, ரிலையன்ஸ் நிறுவனத்தின் ஒலிம்பிக் கேன்யன் என்ற கப்பல் வந்தது. கடலடிக் குழாய்ப் பணிகளுக்கான, கம்பிவடத்தால் இணைத்து இயக்கும் எந்திரம் அந்தக் கப்பலில் இருந்தது. ஜூலை 10 அன்று, ஆயிரம் மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஆழத்தில் விமானத்தின் பதிவுக் கருவியும் சிதைவுகளும் கண்டறியப்பட்டன. மறைந்த ஒரு மாதத்தில், கரையிலிருந்து வெகுதொலைவில் இல்லாத இடத்தில் கிடைத்துவிட்டது.

ஏஎன்-32 தேடலில் இப்படி வழிகாட்டும் ஓசை எதுவும் கிடைக்கவில்லை. ஆழமும் மூன்றரை மடங்கு. 3,400 மீட்டர் அடியில் ஒலிப்பான் ஒலித்தாலும் மேலே மிதக்கும் கப்பலுக்குக் கேட்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நீர்மூழ்கிக் கப்பல்கள் சில நூறு மீட்டர் ஆழம்வரையே இறங்குகின்றன. கேட்கும் கருவியை நீண்ட வடத்தில் கட்டி ஆழத்தில் இழுத்துச் செல்லவேண்டும். வடம் நீளமாக இருப்பதால் கப்பல் மெல்லத்தான் போகமுடியும். வரிசை முடிந்து திரும்புவதற்கே சில மணி நேரம் ஆகிவிடும். முப்பது நாளில் எவ்வளவு பரப்பைக் கேட்டு முடிக்க முடியும்?

ஒரு புள்ளியைவிடச் சிறிய விமானம்

ஒலிப்பான் பேசாவிட்டால், தேடுபவர்தான் ஒலி எழுப்பி எதிரொலியைக் கேட்கவேண்டும். சோனார் என்பது அதுதான். பள்ளிக்கரணையிலுள்ள தேசிய பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் சாகர் நிதி, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் சமுத்திர ரத்னாகர் ஆகிய ஆய்வுக் கப்பல்கள் 2016இல் இந்த வேலைக்கு அனுப்பப்பட்டன.

கப்பலின் அடிப்பகுதியிலுள்ள பலகற்றைச் சோனார் விசிறிபோல் ஒலிக்கற்றைகளை அனுப்பிக் கடலடியின் மேடுபள்ளத்தை வரைபடமாக்கும். ஒலி 3,400 மீட்டர் இறங்கித் திரும்பி வர நாலரை நொடி ஆகும். ஆனால் உண்மையான இடைஞ்சல் நேரம் அல்ல. ஒரு கற்றையின் அகலம் ஒரு பாகை என்று கொண்டால், 3,400 மீட்டர் ஆழத்தில் அது விரிந்து சுமார் 60 மீட்டர் அகலமுள்ள வட்டமாகிவிடும். வரைபடத்தில் ஒரு புள்ளி என்பது அந்த 60 மீட்டர். ஏஎன்-32இன் நீளம் 24 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இறக்கை நுனியிலிருந்து நுனிவரை 29 மீட்டர். முழு விமானமும் உடையாமல் கிடந்தாலும் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். உடைந்து சிதறியிருந்தால் சொல்லவே வேண்டாம். கடலடியில் பாறைகளும் உண்டு, அவையும் எதிரொலிக்கும். சந்தேகப்பட்ட ஒவ்வொரு எதிரொலியையும் கருவியை இறக்கி உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது.

ஆகவே சோனாரையே அடியின் அருகில் கொண்டுபோகவேண்டும். அங்கே அழுத்தம் நாம் வாழும் காற்றழுத்தத்தைப்போல் 340 மடங்கு. விரல் நகம் அளவுள்ள ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 350 கிலோ எடை அழுத்தும். இதைத் தாங்கி, கம்பிவடம் இல்லாமல் தானே வழியறிந்து சென்று, பல மணி நேரம் கழித்துக் கப்பலுக்குத் திரும்பும் தானியங்கி நீர்மூழ்கி வாகனம் தேவை. அடியிலிருந்து சில பத்து மீட்டர் உயரத்தில் அது, புல்வெட்டும் எந்திரம் மைதானத்தில் போவதுபோல், வரிசை வரிசையாகப் போய்வரும்.

இதற்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாகனம் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில், இருபுறமும் சேர்த்து 600 மீட்டர் அகலத்தைப் பார்த்துக்கொண்டு செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 3 சதுர கி.மீ. முன்னர் சொன்ன 7,850 சதுர கி.மீ. வட்டத்தை முடிக்க 2,600 மணி நேரத்துக்குமேல், அதாவது இரவுபகல் நிற்காமல் 109 நாட்கள். பேட்டரி ஏற்றும் நேரமும், கடல் கொந்தளிப்பால் வாகனத்தை இறக்கமுடியாத நாட்களும் தனி.

தேடிக் கிடைக்காததும் ஒரு தகவல்

இவ்வளவு செலவாகும் வேலையை எங்கிருந்து தொடங்குவது என்பதைத் தீர்மானிக்க நிகழ்தகவுக் கணக்கு உதவுகிறது. மேல்நிலை வகுப்பில் படிக்கும் பேயஸ் தேற்றம்தான் அது.

விமானம் ‘அ’ பகுதியில் இருக்க 70 விழுக்காடும் ‘ஆ’ பகுதியில் இருக்க 30 விழுக்காடும் வாய்ப்பு என்று கொள்வோம். ‘அ’வில் தேடுகிறோம். அங்கே விமானம் இருந்தால் கண்ணில் படுவதற்கு 80 விழுக்காடு வாய்ப்பு தரும் நல்ல கருவி நம்மிடம் உள்ளது. கிடைக்கவில்லை. இப்போது ‘அ’வின் பங்கு 70இல் ஐந்தில் ஒன்றாக, 14 ஆகச் சுருங்குகிறது, ‘ஆ’வின் 30 அப்படியே நிற்கிறது. மொத்தம் 44இல் ‘அ’வுக்கு 14, அதாவது 32 விழுக்காடு, ‘ஆ’வுக்கு 68. இனி ‘ஆ’வுக்குப் போகவேண்டும். ஆனால் கருவி மட்டமானது, கண்ணில் படும் வாய்ப்பு 20 விழுக்காடுதான் என்றால், அதே தோல்விக்குப் பின்னும் ‘அ’வுக்கு 65 விழுக்காடு மிஞ்சும். அங்கேயே மறுபடி தேடவேண்டும். தேடிய இடம் எது என்பதோடு, எவ்வளவு நன்றாகத் தேடினோம் என்பதும் தெரிந்திருக்கவேண்டும் என்பதே இதன் பொருள்.

ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் கதை இதற்குச் சான்று. 2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் சென்ற அது 228 பேருடன் அட்லாண்டிக் பெருங்கடலில் விழுந்தது. தன் இடத்தைத் தானாகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பிக்கொண்டிருந்த விமானம் அது. சில நாட்களில் மிதக்கும் சிதைவுகளும் உடல்களும் கிடைத்தன. இவ்வளவு தெரிந்திருந்தும் கடலடியில் விமானத்தைக் காண ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிடித்தன. முதல் மாதத்தில், கடைசியாக அறியப்பட்ட இடத்துக்கு அருகே கேட்கும் கருவிகளை இழுத்துச் சென்றார்கள். ஓசை இல்லை. எனவே அங்கே இல்லை என்று முடிவுசெய்து அடுத்த கட்டங்களில் வேறு பகுதிகளுக்குப் போனார்கள். 2011இல் கணக்கை மீண்டும் போட்ட வல்லுநர்கள், ஒலிப்பான்கள் ஒலிக்காமலே போயிருந்தால் என்ன என்று கேட்டனர். அப்படி எடுத்துக்கொண்டதும் நிகழ்தகவு மறுபடி பழைய இடத்துக்கே திரும்பியது. அங்கே தேடத் தொடங்கிய சுமார் ஒரு வாரத்தில், ஏப்ரல் 3 அன்று, 3,900 மீட்டர் ஆழத்தில் விமானம் தென்பட்டது. கடைசியாக அறியப்பட்ட புள்ளியிலிருந்து அது கிடந்த தூரம் 12 கி.மீ.தான்.

எம்எச்370இன் நிலை இதற்கு நேர்மாறு. அதன் கடைசி இடமே தெரியாது. 2014 மார்ச் 8 அன்று கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குச் சென்ற அந்த விமானத்தில் 239 பேர் இருந்தனர். இந்தியர்கள் ஐவரில் சென்னைவாசி ஒருவரும் உண்டு. தொடர்பு அறுந்தபின்னும் பல மணி நேரம் அது ஒரு செயற்கைக்கோளுடன் ஏறத்தாழ மணிக்கு ஒருமுறை தானாகக் குறிப்புப் பரிமாறிக்கொண்டிருந்தது. அக்குறிப்பில் இடம் இல்லை. செய்தி போய்வர ஆன நேரத்திலிருந்து, செயற்கைக்கோளிலிருந்து விமானம் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதை மட்டும் கணிக்கமுடிந்தது. முளையில் கட்டிய மாடு கயிற்றை முழுதாக இழுத்துக்கொண்டு நிற்கிறது. கயிற்றின் நீளம் தெரியும், எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியாது. அந்த வட்டத்தின் ஒரு பகுதியைத்தான் ‘ஏழாவது வில்’ என்றனர். அதை ஒட்டி 1,20,000 சதுர கி.மீ. கடலடியைத் தேடிவிட்டு 2017 ஜனவரியில் நிறுத்தினர். 2018இல் ஓஷன் இன்ஃபினிட்டி நிறுவனம் அதற்கு நெருக்கமான பரப்பைத் தேடியும் விமானம் அகப்படவில்லை.

நிலத்தில் மறைந்தால்

நிலத்தில் விழுந்த விமானம் நகராது என்பது பெரிய வசதி. ஆனால் காடும் பனியும் கடலுக்கு இளைத்தவை அல்ல. 2009 செப்டம்பர் 2 அன்று ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டி சென்ற ஹெலிகாப்டர் நல்லமலைக் காட்டில் விழுந்தபோது, மாநிலமே திரண்டு தேடியும் மறுநாள் காலையில்தான் அது தென்பட்டது. 2019 ஜூன் 3 அன்று அசாமின் ஜோர்ஹாட்டிலிருந்து சென்ற இன்னொரு ஏஎன்-32, 13 பேருடன் அருணாசலப் பிரதேச மலையில் மோதியது. எட்டு நாள் கழித்துக் கிடைத்தது. 1968 பிப்ரவரி 7 அன்று சண்டிகரிலிருந்து லே சென்ற ஏஎன்-12 விமானம் 102 பேருடன் ரோத்தாங் பகுதியில் மறைந்தது. மலையேறச் சென்றவர்கள் அதன் எச்சங்களைக் கண்டது 2003இல். பனியாறு உருகி நகர நகர, 2024 செப்டம்பரிலும் நான்கு உடல்கள் எடுக்கப்பட்டன.

2024 கண்டுபிடிப்பும் குடும்பங்களும்

ஏஎன்-32 தேடல் 2016 செப்டம்பர் நடுவில் நிறுத்தப்பட்டது. 29 பேரும் இறந்துவிட்டதாகக் கருதப்படுவதாகக் குடும்பங்களுக்குத் தெரிவிக்கப்பட்டது.

இந்த ‘கருதப்படுதல்’ சட்டத்தில் எடையுள்ள சொல். இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவின்படி, ஒருவரைப் பற்றி இயல்பாகத் தெரிந்திருக்கவேண்டியவர்களுக்கு ஏழு ஆண்டுகளாக எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவரே அதை நிரூபிக்கவேண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்திலும் இவ்விதி தொடர்கிறது. ஏழு ஆண்டு காத்திருந்தால் ஓய்வூதியம், காப்பீடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாமே நின்றுவிடும். ஆகவே அரசு முன்கூட்டியே முடிவெடுத்து அறிவிப்பது குடும்பத்துக்கு உதவிதான். ஆனால் உடலும் இல்லை, ஒரு துண்டு உலோகமும் இல்லை என்னும்போது அந்தக் கடிதத்தை ஏற்று ஈமக்கடன் செய்வதா, செய்தால் நாமே நம்பிக்கையைக் கைவிட்டதாகுமா என்ற குழப்பத்தை எந்தச் சட்டப்பிரிவும் தீர்ப்பதில்லை.

தேசிய பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஆழ்கடல் தாதுக்களை ஆராய்வதற்காக, 6,000 மீட்டர்வரை இறங்கும் தானியங்கி வாகனம் பின்னாளில் கிடைத்தது. 2016இல் இல்லாத அந்த வசதியைக்கொண்டு ஏஎன்-32 கடைசியாக அறியப்பட்ட பகுதியில் தேடினர். பலகற்றைச் சோனார், நுணுக்கமான படம் தரும் செயற்கைத் துளைச் சோனார், உயர்தரப் புகைப்படக் கருவி ஆகிய மூன்றும் பயன்பட்டன. படங்களை ஆராய்ந்தபோது விமானச் சிதைவுகள் தெரிந்தன. அவை ஏஎன்-32 வகையோடு பொருந்தின. அப்பகுதியில் வேறு விமானம் எதுவும் காணாமற்போனதாகப் பதிவு இல்லை. எனவே இவை கே-2743இன் சிதைவுகளாக இருக்கக்கூடும் என்று அமைச்சகம் கவனமான சொற்களில் அறிவித்தது.

அந்த அறிவிப்பில் இடம் சென்னைக் கரையிலிருந்து 140 கடல் மைல், சுமார் 310 கி.மீ. என்று குறிப்பிடப்பட்டது. 140ஐ 1.852ஆல் பெருக்கினால் 259 கி.மீ.தான் வரும். செய்தித்தாள்கள் இரண்டு எண்ணையும் சேர்த்தே அச்சிட்டன. எது சரி என்பது மேசையில் உட்கார்ந்து படிப்பவருக்குச் சிறிய வேறுபாடு; தேடும் கப்பலுக்கு 50 கி.மீ. என்பது இன்னொரு வட்டம்.

விதிகளில் வந்த மாற்றம்

இரண்டு பெரிய விபத்துகளின் பாடத்தால் பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் விதிகளைத் திருத்தியது. பதிவுக் கருவியின் ஒலிப்பான் 30 நாளுக்குப் பதில் 90 நாள் ஒலிக்கவேண்டும். நெடுந்தூரம் கடல்மேல் பறக்கும் பெரிய விமானங்களுக்கு, தாழ்ந்த அதிர்வெண்ணில் இன்னும் தொலைவுவரை கேட்கும் ஒலிப்பானும் தேவை. 2018 நவம்பர் முதல், கடலின்மேல் செல்லும் பெரிய பயணிகள் விமானங்களின் இடத்தை 15 நிமிடத்துக்கு ஒருமுறையாவது நிறுவனம் அறிந்திருக்கவேண்டும். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் 15 நிமிடம் என்பது 225 கி.மீ. புதிதாகக் கட்டப்படும் பெரிய விமானங்களுக்கு இதைவிடக் கடுமையான விதி: ஆபத்து நேர்ந்தால் விமானமே நிமிடத்துக்கு ஒருமுறை தன் இடத்தை அறிவிக்கவேண்டும். அப்போது இடைவெளி 15 கி.மீ. ஆகச் சுருங்கும்.

இவையெல்லாம் 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின்கீழ் வருபவை. அதன் 3ஆம் பிரிவின்படி உடன்படிக்கை சிவில் விமானங்களுக்கு மட்டுமே பொருந்தும். பயணிகளை ஏற்றிச் சென்றாலும், தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் செல்லும் விமானப்படை விமானம் அரசு விமானம். அதில் எந்தக் கருவியைப் பொருத்துவது என்பதை அந்தந்த நாட்டின் விமானப்படையே தீர்மானிக்கிறது.